யூதாஸ் வேஷக்காரர்

குருசுக்குப்பத்தில் இயேசுவின் சிலுவைச் சாவை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்கு நான்தான் மைக் செட். இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கில் தொங்கும் யூதாஸாக வருபவர், சைக்கிளில் ரொட்டி விற்கிற உருண்டை முகத்து மனிதர். அவர் கயிற்றைக் கழுத்தில் மாட்டியதும் நான் சிடியில் இடிச்சத்தம் போட வேண்டும். ஆனால் வருஷா வருஷம் கயிற்றைக் கையில் பிடித்தபடி, உதடு மட்டும் அசைய, நின்றுகொண்டே இருப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருமுறை கேட்டே விட்டேன்.

"வசனம் மறந்துபோவுதாண்ணே?"

"இல்ல தம்பி. செத்த மூணாம் நாளே இயேசு உயிரோட எழுந்து வந்துட்டாரு. அதுவரைக்கும் இந்த யூதாஸ் பொறுத்திருந்தான்னா, அவரே தேடி வந்து கட்டிப் புடிச்சிருப்பாரு. அதத்தான் இவன்கிட்ட சொல்லிப் பாக்குறேன். கேக்க மாட்டேங்கிறான்."

மறு வருஷம், கயிறு கழுத்துக்குப் போன பிறகும் என் விரல் பொத்தானை அழுத்தவில்லை.