பன்னிரண்டாம் நம்பர் வயர்

கராஜில் துணி துவைக்கும் மெஷினுக்குக் கீழே சோப்பு டப்பா உருண்டுபோனதை எடுக்கக் குனிந்தேன். புறங்கை ஒரு வயரில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டியின் வயர் சூடாவது எனக்குத் தெரியும். இது அந்தச் சூடு இல்லை. திரும்பவும் விரல் வைத்துப் பார்த்தேன். மேல்தோல் இளகி, அழுத்தினால் அமுங்கியது.

“ஏனுங்க, வயரு சுடுதுங்க” என்றேன்.

என் வீட்டுக்காரர் பாத்திரத்துக்குள் நீளக் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். “அடுப்புக்குப் போற வயரு பின்ன ஐஸ் மாதிரியா இருக்கும்?” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அவர் சிரித்ததால் நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் அவர் சிரிப்பது அவ்வளவு குறைவு.

அவருக்கு வேலை போய் ஒரு வருடம் தாண்டியிருந்தது. கிரீன் கார்டு இருந்ததால் நாட்டை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. முதல் சில மாதங்கள் தினமும் இன்டர்வியூ என்று சட்டை போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருவார். பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு அதுவும் இல்லை. நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் சமையலறை வேலை பார்க்கிறேன். காலையில் கிளம்பும்போது எப்படிப் படுத்திருந்தாரோ, மூன்று மணிக்குத் திரும்பி வரும்போதும் அப்படியே படுத்திருப்பார்.

மிச்சம் இருந்தது பியர் காய்ச்சுவது ஒன்றுதான். ஆபீசில் யாரிடமோ கற்றுக்கொண்டு பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்தார். வேலை போன பிறகு அதுவே வேலையாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை கராஜில் பார்லியை வேகவைத்து வடிகட்டிக் கொதிக்கவிடுவார். முன்பு காய்ச்சியது பாட்டிலில் தயாராக இருக்கும். மறுநாள் மத்தியானம் பழைய ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் வருவார்கள். அன்றைக்குச் சவரம் செய்து, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே தயாராகிவிடுவார். நண்பர்களில் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குடித்துவிட்டு, “அண்ணி, இது அண்ணன் செஞ்சதா, இல்ல நீங்க வெச்ச ரசமா?” என்று கேட்பார். நான் தட்டில் பஜ்ஜியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆனால் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கராஜில் அவர் குரல்தான் உரக்கக் கேட்கும்.

எனக்கு அந்த வாடையே பிடிக்காது. இருந்தாலும் அந்த இரண்டு நாட்களுக்காக நானும் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

கொதிக்கவைக்கும் பாத்திரம் கோயம்புத்தூரில் வாங்கியது. கல்யாண மண்டபங்களில் டீக்குத் தண்ணீர் காய்ச்சும் கரண்ட் பாய்லர். ஊருக்குப் போனபோது பெட்டியில் துணிகளை எடுத்துவிட்டு இதை வைத்துக் கொண்டுவந்தார். “இங்க இருக்கறதெல்லாம் நூத்திப்பத்து வோல்ட்டு. சூடே ஏறாது” என்பார். இங்கே சுவரில் வரும் கரண்டில் ஊர்ச் சாமான் ஓடாது என்பதால், கிரைண்டருக்காக வாங்கி வைத்திருந்த கனமான கன்வர்ட்டர் பெட்டியை நடுவில் வைத்தார். சுவரிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு நீள வயர். பெட்டியிலிருந்து பாய்லருக்கு இன்னொன்று. சுட்டது சுவரிலிருந்து வரும் வயர்.

அவரிடம் மறுபடி சொன்னால் காய்ச்சுவதையே விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். நானே நல்ல வயராகப் பார்த்து வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஃபோனில் தேடினேன். வயரின் தடிமனுக்கு நம்பர் போட்டிருந்தது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. ஊரில் வீட்டுக்கு வயரிங் செய்யும்போது ஒன்றரை, இரண்டரை, நாலு என்று சொல்வார்கள். நாலுதான் மோட்டாருக்குப் போகும் தடி வயர். நம்பர் ஏற ஏறத் தடிமன் ஏறும். நான் பிளஸ் டூவோடு நின்றவள் என்றாலும் இது தெரியும். அதனால் பதினாறாம் நம்பரை வாங்கினேன். புதுசு, ஆரஞ்சு நிறம். அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினேன். மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த முறை காய்ச்சிய சனிக்கிழமை அரை மணி நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அவர் ஓடிப்போய்ப் பிடுங்கினார். வயரில் ஓரிடத்தில் தோல் கொப்பளித்திருந்தது. பழைய வயரையே திரும்ப மாட்டினார். “எவன் இதை இங்க வெச்சான்?” என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். திட்டவில்லை.

ரயில்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை இருக்கிறது. பேசினால் திணறிவிடுவேன் என்பதால் கேட்க வேண்டியதை டேகேரில் இடைவேளையில் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கடையில் இருந்தவர் வயதான வெள்ளைக்காரர். தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். இங்கே நம்பர் குறையக் குறையத்தான் வயர் தடிக்கும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. பதினாறு என்பது மேஜை விளக்குக்கு ஆகும் என்றார். பன்னிரண்டாம் நம்பரை எடுத்து மேஜையில் வைத்தார். என் சுண்டுவிரல் தடிமன் இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அவர் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. பாய்லரில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது, கரண்ட் கூடினால் தானாக விழும் கராஜ் பிரேக்கரில் என்ன நம்பர் இருக்கிறது, இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பாய்லரில் மூவாயிரம். பிரேக்கரின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முப்பது என்றிருந்தது. பக்கத்தில் இருந்ததெல்லாம் பதினைந்து. இதை யார் போட்டது என்று கேட்டார்.

எனக்கு அது யார் என்று தெரியும். டார்ச் பிடித்ததே நான்தான். முதலில் காய்ச்ச ஆரம்பித்தபோது பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் வீட்டுக்காரர் ஏதோ வாங்கி வந்து, பிரேக்கர் பெட்டியைத் திறந்து மாற்றினார். அதற்குப் பிறகு விழவில்லை. எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஃப்யூஸ் அடிக்கடி போனால் ஆண்கள் அப்படித்தான் செய்வார்கள். கம்பியை இரண்டு இழையாக முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் நானும் வளர்ந்தேன்.

என் கணவர் போட்டது என்றேன்.

கடைக்காரர் தடி வயரை எடுத்து மறுபடி கொக்கியில் மாட்டினார். மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். இதை நான் உங்களுக்கு விற்கலாம், இது அவ்வளவாகச் சுடாது, ஆனால் சுவருக்குள் இருக்கும் பதினைந்துக்கான மெல்லிய வயர் சுடும், முப்பது போட்டிருப்பதால் பிரேக்கரும் விழாது, அதை நீங்கள் தொட்டுப் பார்க்க முடியாது. தனியாக ஒரு லைன் இழுத்தால் ஒழிய எந்த வயரும் உதவாது, வீட்டு ஓனரைக் கேளுங்கள் என்றார்.

கார் நிறுத்தும் இடத்தில் நின்றே ஓனருக்கு ஃபோன் செய்தேன். நம் ஊர்க்காரர், அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். பியர் என்று சொல்லாமல், கராஜில் ஊர்ச் சாமான் ஓட்டத் தனி லைன் கிடைக்குமா என்று கேட்டேன். “நானே வர்ற வருஷம் வீட்டை வித்துரலாம்னு இருக்கேம்மா. இப்பப் போயி எதுக்கு?” என்றார். கராஜ் பிளக்கில் கருகல் வாடை வருகிறது என்று மட்டும் சொன்னேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். அவர் கராஜில் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“கடைக்காரன்கிட்டப் போயி சொன்னியா நீ?” என்றார். யாரிடமும் வாய் திறக்காதவள் போய்ப் பேசினேன் என்பதுதான் அவருக்கு முதலில் உறைத்தது.

“போட்டோ காட்டினனுங்க.”

“எங்கப்பா காலம் பூரா ரெட்டை இழைதான் முறுக்கிப் போட்டாரு. என்ன ஆச்சு?”

“ஊர்ல சுவரு செங்கல்லுங்க. இது மரமுங்க.”

அவர் கையிலிருந்த பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்குத் தயாராகக்கூட நின்றேன். வேறு வழி ஏதாவது சொல்வார், பார் நீ, இப்படிச் செய்யலாம், அப்படிச் செய்யலாம் என்பார் என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் வழி சொல்கிற மனிதராக இருந்தவர். ஆனால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, வயரை முழங்கையில் சுற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்தார். விளக்கை அணைத்துவிட்டு மாடிக்குப் போனார். நான் இருட்டில் நின்றிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. வர வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு ரசம் என்று கேலி செய்யும் நண்பர் எனக்கு ஃபோன் செய்தார். “அண்ணி, அண்ணன் எடுக்கவே மாட்டேங்கறாரு. எங்க வீட்ல கேஸ் அடுப்பு இருக்கு, பின்னால தோட்டத்துல வெச்சுக் காய்ச்சலாம்னு சொல்லுங்க” என்றார். சொன்னேன். “பாக்கலாம்” என்றார் வீட்டுக்காரர். அந்த நண்பர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவது நின்றுவிட்டது.

எலக்ட்ரீஷியன் வந்த அன்று டேகேரில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். பாய்லரையும் கன்வர்ட்டரையும் போர்வை போட்டு மூடிவைத்திருந்தேன். பிரேக்கரைப் பார்த்துவிட்டு இது யார் வேலை என்று அவனும் கேட்டான். தெரியாது, முன்னால் குடியிருந்தவர்களாக இருக்கும் என்றேன். யாரென்றே தெரியாதவர்கள் மேல் பழியைப் போட எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. சுவர் பிளக்கைக் கழற்றி வெளியே இழுத்தான். பின்பக்கம் உருகி ஒரு கட்டியாக இருந்தது. டார்ச் அடித்து உள்ளே காட்டினான். மரச்சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. இன்னும் ஒன்றிரண்டு தடவை இப்படிச் சூடாகியிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்றான்.

எனக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் காய்ச்சுவதை நான் வீணாகக் கெடுக்கவில்லை. அந்த உருகின பிளக்கைக் கேட்டு வாங்கி, டிஷ்யூ பேப்பரில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். இதைப் பார்த்தால் அவருக்கும் உடம்பு சிலிர்க்கும், நல்ல வேளை என்பார், அதிலிருந்து ஏதாவது பேச ஆரம்பிப்போம் என்று படியேறும்போது நினைத்தேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து அதைக் கையில் வாங்கினார். புரட்டிப் பார்த்தார்.

“மாத்தியாச்சா?”

“மாத்தியாச்சுங்க. பழையபடி பதினஞ்சு போட்டிருக்கறான்.”

“ம்.”

திருப்பிக் கொடுத்தார்.

“கையக் கழுவிக்க, கரியா இருக்குது” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.