மாடியில் வைத்த இரண்டு கண்ணாடிகள்

அந்தப் பெண் விஞ்ஞானி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தால்கூட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒல்லியான உருவம், விரல் நுனிகளில் ரசாயனக் கறை. சோலார் பேனல்களின் மேல் பூசும் மெல்லிய படலம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது பூசிய கண்ணாடியில் படியும் தூசியை மழையே கழுவிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. நெய்வேலித் தூசியில் அதைச் சோதிக்க, என் மகனின் குவார்ட்டர்ஸ் மாடியில் இரண்டு கண்ணாடிகளை வைத்தார். ஒன்றில் படலம் பூசியிருந்தது, மற்றது வெறும் கண்ணாடி.

“தொட்டுடாதீங்க சார். ஒரு மழை பேஞ்சதும் வந்து பாக்கறேன்.”

“எஞ்சினியரா ரிடையர் ஆனவன்கிட்டயே இதைச் சொல்றீங்களேம்மா” என்று சிரித்தேன்.

இந்த ஊரில் தூசியைக் கண்டால் கை தானாகத் துணியைத் தேடும். ஒரு காலை மாடிக்குப் போன நான், ஏதோ நினைப்பில் இரண்டையும் பளிச்சென்று துடைத்துவிட்டேன். துடைத்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் லேசாகத் தூறியது. அவர் வந்தார்.

“ரெண்டுமே சுத்தமா இருக்கே! மழைதாங்களா சார்?”

“மழைதாம்மா.” வெட்கத்தில் பொய் சொன்னேன்.

“அப்ப என் ஃபிலிம் ஒண்ணும் செய்யலைங்க சார். வெறும் கண்ணாடியும் அதே மாதிரி ஆயிடுச்சே.”

இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வரவில்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தால் துணி தேய்த்த கோடுகள் தெரிந்திருக்கும். அன்று மட்டும் அவர் சாய்த்துப் பார்க்கவில்லை. நான் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது.