ஆடு தொடாத செடி

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கட்டிய புதிதில், எங்கள் பிளாக்கில் ஆடுகள் மேயாமல் விட்ட ஒரே செடி நித்தியகல்யாணி. அதைப் போய்ப் பக்கத்து வீட்டு அக்கா வேலி நெடுக நட்டிருந்தார். ஒடிசலான உடம்பு. மார்பில் வந்த புற்று இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. தினமும் கம்பை ஊன்றி வந்து, அரிசி களைந்த தண்ணீரை அந்தச் செடிகளுக்கு ஊற்றுவார்.

"ரோஜா வைக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல எனக்குப் போடற புது ஊசிய இந்தச் செடியிலேர்ந்துதான் எடுக்கறாங்களாம். கசப்புன்னு இத ஆடே துன்னாது. அந்தக் கசப்பு என் எலும்புல ஏறிட்டா, நோயும் மோந்து பாத்துட்டுப் போயிடும்ல?" என்று சிரித்தார்.

அடுத்த மழைக்கு அவர் இல்லை. ஆனாலும், ஓர் ஆடு அந்தச் செடியை மோந்துவிட்டு விலகும்போதெல்லாம், யாரோ பிழைத்துக்கொண்ட மாதிரி எனக்கு ஒரு நிம்மதி.