மகள் சொன்ன மடத்துக் கதை

மகள் சூரிச் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். ஆராய்வதற்கு அவள் எடுத்துக்கொண்டது, பிரான்சில் இடிந்து கிடக்கும் ஒரு பழைய துறவிகள் மடம். நாங்கள் இருக்கும் அட்லிஸ்வில்லிலிருந்து போகும் ரயிலில் தோழிகளிடம் அந்த மடத்தைப் பற்றி மூச்சு விடாமல் கதைப்பாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என்னிடம் அவள் கதைப்பது "ஓம்", "பசிக்கேல்லை", "போயிட்டு வாறன்". என்னோடும் ஒருநாள் இருந்து கதைக்கமாட்டாளா என்று ஏங்காத நாளில்லை.

போன மாதம் வகுப்பில் அவள் அதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்து ஜெர்மனில் பேசிப் பழகினாள்.

"அம்மா, அதில இருங்கோ. கேக்கிற மாதிரி என்னைப் பாத்தால் காணும்."

வெங்காயம் உரித்தபடி தலையை ஆட்டினேன். நான் வேலை செய்யும் கந்தோர்களில் நிலம் துடைக்கத் தேவையான ஜெர்மன் எனக்கு வரும். மடத்து ஜெர்மன் வராது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! ஆனாலும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அந்தக் கல்லுக்கும் தூணுக்கும் கிடைத்த மகள் எனக்குக் கிடைக்கவில்லையே.

"எனக்கும் ஒருக்கால் தமிழில சொல்லன்."

"என்ர தமிழ் காணாதம்மா."

"காணுற அளவுக்குச் சொல்லு."

கதிரையை இழுத்துப்போட்டு எதிரே இருந்தாள். அவளிடம் இருந்தது இந்தக் குசினியில் நான் கொடுத்த தமிழ் மட்டும்தான்.

"இந்த மடத்தில சுவாமிமார் இருந்தவை. கனக்கக் கதைக்க மாட்டினம். தாங்களே தோட்டம் செய்து சாப்பிட்டவை. கனகாலத்துக்குப் பிறகு நாட்டில பெரிய பிரச்சினை வந்தது. அரசாங்கம் இவையளை மடத்தை விட்டுக் கலைச்சுப்போட்டுது. ஊர்ச்சனம் கல்லையெல்லாம் கழட்டிக்கொண்டுபோய் வீடு கட்டிச்சுதுகள்."

சண்டைக்குப் பயந்து நாங்கள் ஊரை விட்டு ஓடிய பிறகு எங்கள் வீட்டுக் கதவையும் யன்னலையும் இப்படித்தான் கழற்றிக்கொண்டு போனார்கள். அதை நான் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

"பிறகு அவை எங்க போனவை?" என்றேன்.

"கொஞ்சப் பேர் எல்லை தாண்டி இங்க வந்தவை. அகதியா. வந்து எப்பிடிச் சீவிச்சவை எண்டுதான் நான் தேடுறன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கணினியை மூடினாள்.

"அம்மா, உங்களை எப்பிடிக் கலைச்சவங்கள்?"

அவள் பிறந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்திருக்கிறேன் போலும். கேட்டுவிட்டாள். வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கழற்றிக்கொண்டு போன அந்தக் கதவிலிருந்து தொடங்கினேன்.