சிவப்பு விளக்கு எரிந்த மைக்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கிரேக்கத் துறைமுக ஊரான கவாலாவில், என் வீட்டு அலமாரியில் அந்த மைக் இன்னும் இருக்கிறது. விற்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம்.

அம்மா லிம்னோஸ் தீவில் தனியாக இருந்தாள். இதயத்தில் அடைப்பு. மறுநாள் காலைக் கப்பலில் கிளம்பி வந்து இங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். ஆனால் காது மந்தம். போனில் சுத்தமாகக் கேட்காது. வீடியோ காலில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும், "என்னடி, கிணத்துக்குள்ளேர்ந்து பேசுறியா?" என்று வைத்துவிடுவாள்.

நல்ல மைக் வாங்கப் போனேன். கடைக்காரர் திமோஸ் பெரிய மைக்கைத் தொடவே விடவில்லை.

"அது பாட்டுக்காரங்களுக்கும்மா. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தத்தையும் சேர்த்து இழுக்கும். இதை எடுத்துக்கோங்க. நேர் எதிர்ல இருக்கிற குரலை மட்டும்தான் பிடிக்கும். ஒரு சாண் தள்ளி வச்சுப் பேசுங்க."

மாலை ஐந்து மணிக்கு அழைத்தேன். அம்மா ஹெட்போனை மாட்டினாள். முகம் மலர்ந்தது.

"அடியே எவந்தியா! பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்குடி!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்குக் கப்பல் ஏறிடும்மா."

"சரிடி, ஏறல."

"ஏறணும்மா!"

"அதான் சொல்லிட்டியே, ஏறல." சிரித்தாள். "நீ ஏன் இப்படிச் சிரிக்கிற?"

நான் சிரிக்கவில்லை...

மைக்குக்கும் என் வாய்க்கும் நடுவே அந்த ஒரு சாண் இடம். அங்கிருந்து என் உதட்டில் ஏதோ பட்டது. மூச்சு. சில்லென்று...

"வா, வா. கதவைத் திறந்தே வைக்கிறேன்" என்றாள் அம்மா.

திரை அணைந்தது.

மைக்கைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு.

மியூட்டில் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே.

நான் பேசிய ஒரு சொல்கூட அவளுக்குப் போகவில்லை.

மறுபடி அழைத்தேன். பிஸி. மறுபடியும்... பிஸி. விடியும் வரை பிஸி.

காலைக் கப்பலில் அம்மா வரவில்லை. அதே கப்பல் தீவுக்குத் திரும்பும்போது நான் ஏறிப் போனேன்.

நாற்காலியிலேயே போய்விட்டிருந்தாள். காதில் ஹெட்போன்.

பக்கத்து வீட்டு கலிரோய் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கொடுத்து வச்சவ. ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்களே... உன் குரல் எங்க சுவர் வழியா நல்லாக் கேட்டுச்சு. விடியறதுக்குள்ள ஏண்டி சொல்லாமக் கிளம்பிப் போயிட்டே?"