கிரீன்லாந்தின் பனியும் தங்கச்சியின் வீடும்

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் படிப்பித்தேன். சுனாமிக்குப் பிந்திய வருடங்களில், பதுளையில் ஓர் இணையக் கடைக்குப் போய்க் விண்ணிலிருந்து எடுத்த கிரீன்லாந்தின் செய்மதிப் படங்களைப் பார்ப்பேன். பனி வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. மட்டக்களப்பில் கல்யாணம் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி, சுனாமியில் இடிந்த வீட்டைக் கடலோரத்திலேயே மறுபடி கட்டத் தொடங்கியிருந்தாள். பயத்தில் அவளுக்குப் போன் எடுத்தேன்.

“அங்க கட்டாத. பனி உருகி, கடல் ஏறிக்கிட்டு இருக்கு.”

“கடல் மறுபடி எப்பக்கா உள்ள வரும்?”

“சுனாமி மாதிரி ஒரே நாள்ல வராது. மெதுவா ஏறும். நம்ம காலத்துல பெருசா தெரியாமலும் போகலாம்.”

“எம் மக காலத்துல?”

“அவ காலத்துல வாசல் வரைக்கும் வரலாம்,” என்றேன். அவளும் புருஷனும், போட்ட அத்திவாரத்தை அப்படியே விட்டு, கடலுக்குத் தூரமாக ஒரு காணி பார்த்தார்கள். ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. அவளுடைய அயலவர்கள் எல்லோரும் அந்தக் கரையிலேயேதான் வீடு கட்டினார்கள்.