ஸ்டெல்லா அக்காவின் மேசைக்கு ஒரு நம்பர்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் நன்றாகத் திட்டு வாங்கினார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

தப்பு செய்த ஆள் பக்கத்திலேயே பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆள் நான்தான், பிள்ளைகளே!

ஒவ்வொரு வாரமும் பத்திரிகையில் இந்த இடத்தில் 'பொய் சொல்லாதீர்கள்', 'நேரத்துக்கு எழுந்திருங்கள்' என்று உங்களுக்கு எழுதுகிறேன். இதை மட்டும் மறைத்தால் எப்படி?

உட்லண்ட்ஸில் ரேடியோ பெட்டிக்குப் பின்தகடு செய்யும் இடத்தில் எனக்கு வேலை. போன வருடம் வரை பன்ச்சிங் மெஷினில் இருந்தேன்... தகட்டில் துளை போடுகிற மெஷின். படிப்பு? செகண்டரி இரண்டோடு நின்றுவிட்டது. இந்த வருடம் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. அலமாரி மாதிரி பெரிசு. அதற்குத் தனி ரூம், ஏர்கான். எங்களுக்குக் காத்தாடிதான்!

எந்த வேலை, எந்த நாள், எந்த மெஷினில் நடக்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டு வாரா வாரம் பேப்பரில் அடித்துக் கொடுக்கும். ஆனால் அதற்கு நம் மெஷின்களைத் தெரியுமா? தெரியாது. யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு தகடு முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே போகிறது, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். அதற்குப் பெயர் ரூட்டிங்.

எல்லா மெஷினையும் தொட்டவன் என்று எஞ்சினியர் மிஸ்டர் டான் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கழுத்தில் தொங்க ஒரு ஸ்டாப்வாட்ச். என் மனைவி லட்சுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டையில் எண்ணெய்க் கறை இல்லையே!

மிஸ்டர் டான் ஒரே ஒரு விதி சொன்னார். வேலைகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போடக்கூடாது. பத்துப் பத்தாகப் போட வேண்டும். தகடு வெட்டுவது 10. துளை போடுவது 20. வளைப்பது 30. பெயிண்ட் அடிப்பது 40. பேக்கிங் 50.

ஏன் பத்து? நான் கேட்கவில்லை. பெரிய படிப்பு படித்தவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தாளில் மெஷின் நம்பர் எழுத ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் 'கீ' என்று கத்தும், தாளை ஏற்றுக்கொள்ளாது.

ஸ்டாப்வாட்ச் கைக்கு வந்தால் சும்மா இருக்க முடியுமா? வீட்டுக்கும் கொண்டுபோனேன். லட்சுமி தோசை சுடுவதைப் பார்த்து, “ஒரு தோசைக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம்!” என்று அறிவித்தேன்.

“மாவு தானா அரைஞ்சு வந்து சட்டியில உக்காந்துச்சா?” என்றாள். “அதுக்கு எங்கங்க உங்க வாட்ச்சு?”

சிரித்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்...

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் அடித்த முதல் பேப்பர் அந்த வாரம்தான் எங்கள் கைக்கு வந்திருந்தது. காலை எட்டு மணிக்கு வளைக்கும் மெஷினுக்குத் தகடு வர வேண்டும் என்று அதில் இருந்தது. மணி பத்தாகிவிட்டது. தகடு வரவில்லை. மெஷின் சும்மா நிற்கிறது. சூப்பர்வைசர் ராஜு அண்ணன் தேடிக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன்.

எல்லாத் தகடும் மூலையில், ஸ்டெல்லா அக்காவின் மேசையில் இருந்தன.

ஸ்டெல்லா அக்கா தினமும் மலேசியாவிலிருந்து, ஜோகூர் பாலம் தாண்டி வருபவர். பதினொரு வருடமாக அதே மூலை, அதே மேசை. துளை போட்ட தகட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும், கையைக் கிழித்துவிடும். அதை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி அனுப்புவது அவர் வேலை. மெஷின் கிடையாது. ஒரு அரம், ஒரு ஜோடி கையுறை, அவ்வளவுதான்.

“என்னாக்கா, எட்டு மணிக்குப் போக வேண்டியது... எல்லாம் இங்கயே தூங்குது லா!” என்றார் ராஜு அண்ணன்.

“நான் என்ன தம்பி, கையைக் கட்டிக்கிட்டா உக்காந்திருக்கேன்? வந்ததைத் தேய்ச்சு அனுப்பிக்கிட்டுதானே இருக்கேன்?”

“பேப்பர்ல உங்க மேசைக்குன்னு நேரமே போடலக்கா. கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?”

“அப்ப கம்ப்யூட்டரையே வந்து தேய்க்கச் சொல்லு!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜு அண்ணன் சிரிக்கவில்லை. “மாசக் கடைசியில உங்க வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்குல்ல? லேட் ஆவுறது இங்கதான்னு ஆபீசுக்கு எழுதிடுவேன்” என்றார்.

அக்காவின் கையில் அரம் ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

நான் கையில் இருந்த பேப்பரைப் பார்த்தேன். 20, துளை. 30, வளை. நடுவில்?

நடுவில் ஸ்டெல்லா அக்கா! நான் எழுதவே இல்லை.

இத்தனை வருடம் என் மெஷினிலிருந்து போன தகடெல்லாம் அவர் கைக்குத்தான் போயின. ஆனால் ஸ்டாப்வாட்சை மாட்டிக்கொண்டதும் என் கண் மெஷின்களை மட்டும் தேடியது. அவர் மேசைக்கு நம்பர் இல்லை. கட்டம் காலியாக இருக்கும். கம்ப்யூட்டர் கத்தும். அதனால் தாண்டிப் போய்விட்டேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் நாற்காலி போய்விடுமோ என்று பயம். பேசாமல் என் இடத்துக்குப் போய், ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவினேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் உட்கார முடியவில்லை. காரிடாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர், “என்ன சார், எக்சர்சைசா?” என்றார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். கடையில் என் முன்னால் வைத்த தேநீர் குடிக்காமலே ஆடை கட்டிவிட்டது.

“அப்பா, காலை ஆட்டாதீங்க. மேசை ஆடுது” என்றாள் மகள் மீனா. பன்னிரண்டு வயது. என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன்.

“அந்த ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“உங்க பாஸ்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

வடையைத் தின்றாள். பஸ்ஸில் திரும்பும்போது, புக்கிட் பாஞ்சாங் தாண்டியதும், மெதுவாகக் கேட்டாள்: “நாளைக்கும் அந்தப் பேப்பர் வருமாப்பா?”

“வரும்.”

“அப்ப நாளைக்கும் ஆன்ட்டிதான் திட்டு வாங்குவாங்களா?”

எனக்குப் பஸ்ஸிலேயே எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே போய் மிஸ்டர் டான் ரூம் வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பாதி, மலாய் பாதி... எல்லாவற்றையும் கொட்டினேன். “லேட்டுக்குக் காரணம் அந்த அம்மா இல்லை சார். அவங்க வேலையை நான் எழுதாம விட்டுட்டேன்.”

“அலாமாக்! எத்தனை தாள்?”

“துளை போடுற எல்லாத் தாளும் சார். முப்பத்தொண்ணு.”

தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டினார். நல்ல திட்டு, உங்களுக்கு எழுத முடியாது. பிறகு கேட்டார், “பத்துப் பத்தா ஏன் நம்பர் போடச் சொன்னேன்?”

“தெரியாது சார்.”

“கேக்கலாமே லா!” பென்சிலை எடுத்து 20-க்கும் 30-க்கும் நடுவில் எழுதினார்: 25. “எழுதும்போது ஏதாவது விட்டுப்போகும். உனக்கும் போகும், எனக்கும் போகும். அதுக்குத்தான் நடுவுல ஒன்பது இடம் காலியா விட்டிருக்கு.”

இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே!

அவரே பெயிண்ட் டப்பாவோடு வந்தார். எங்களிடம் இருப்பது நாற்பது மெஷின், அதனால் ஸ்டெல்லா அக்காவின் மேசைக் காலில் 41 என்று எழுதினார். நான் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்றேன்.

“என்ன சேகர், பதினொரு வருஷம் கழிச்சு மேசைக்குப் பேர் வைக்கிறீங்க? பாயசம் எங்க?” என்றார் அக்கா.

“அக்கா, தப்பு என்னோடது. உங்களை எழுதாம விட்டது நான்தான்.”

தேய்ப்பதை நிறுத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. “வெள்ளிக்கிழமை நீ பக்கத்துலதானே நின்னே?”

“ஆமாக்கா.”

“அதான் கஷ்டமா இருந்துச்சு. ராஜு கத்துறது தெனம் கேக்குறதுதான்.”

ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

புதன்கிழமை, திருத்திய தாள்களை வைத்துப் புதிய பேப்பர் வந்தது. 41-ஆம் நம்பர் மேசையில் ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேர வேலை என்று அடித்திருந்தது. எங்கள் ஷிப்டே எட்டு மணி நேரம்தான்! நான்தான் மறுபடியும் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்து மிஸ்டர் டான் தானே போய் நேரம் பார்த்தார். சரியாகவே இருந்தது. அப்படியானால் அக்கா இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார்? முதல் பஸ்ஸில் வந்து, வந்ததும் உட்கார்ந்து, டீக்கு எழுந்திருக்காமல், சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துத்தான். யாருக்குத் தெரியும்? யார் பார்த்தோம்?

ராஜு அண்ணன் அந்தப் பேப்பரை வாங்கிப் படித்தார். ஆபீசுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு பேக்கிங்கிலிருந்து ஒரு பெண்ணை 41-க்கு அனுப்பினார். பெர்மிட் புதுப்பிக்கிற லிஸ்டில் ஸ்டெல்லா அக்காவின் பெயர் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் நாற்காலி? தப்பித்தது. முப்பத்தொரு தாளையும் இரண்டே நாளில் திருப்பி எழுதினேன். அக்கா என்னோடு பேசுகிறார். ஆனால் முன்பு மாதிரி கேலி செய்வதில்லை. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். லட்சுமி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எல்லாம் சரிங்க... என் அடுப்படிக்கு என்ன நம்பர்?” என்றாள்.

எழுந்து போய் உளுந்தை ஊறப் போட்டேன். தோசைக்கு அதுதானே பத்தாம் நம்பர்!